பிறந்த பிள்ளையை எதைக் கொண்டு குளிப்பாட்டுவது?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் இருக்கும் என் தங்கைக்கு ஜனவரியில் பிரசவம். போன வாரம் பேசும்போது, "அக்கா, கடைச் சவர்க்காரம் எதுவும் வேண்டாம். பிள்ளையைக் குளிப்பாட்ட நீங்களே ஏதாவது செய்து கொடுங்கள்" என்றாள். நான் ஹட்டனில் மூன்று வருடமாக வீட்டிலேயே தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் செய்து அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து வருகிறவள். உடனே சரி என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. பெரியவர்கள் கை கால் கழுவ நான் செய்யும் சவர்க்காரத்தைப் பிறந்த பிள்ளையின் உடம்பில் தேய்க்க எனக்கே மனம் ஒப்பவில்லை. அப்படியானால் வேறு எது? வெறும் சுடுதண்ணீரா, பயற்றம் மாவா, ஓட்ஸா, இலை அவித்த நீரா, கடைப் பொருளா? ஒவ்வொன்றையும் அவளுக்காக எடைபோட்டுப் பார்த்ததுதான் இது.

முதலில் தோலின் கதை. பெரியவர்களின் தோல் மேற்பரப்பு இலேசான அமிலத் தன்மை கொண்டது. அமில காரக் குறியீட்டில் (pH) சுமார் 5.5. அதில் 7 நடுநிலை, அதற்கு மேலே போனால் காரம். பிறந்த பிள்ளையின் தோல் ஏறக்குறைய நடுநிலையில் இருந்து தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் அந்த அமிலப் படலத்தைக் கட்டிக்கொள்கிறது. நல்ல எண்ணெயில், நல்ல கையால் செய்ததானாலும் உண்மையான சவர்க்காரம் என்றால் அதன் குறியீடு 9 முதல் 10 வரை இருக்கும். பிள்ளை கட்டத் தொடங்கியிருக்கும் படலத்தை ஒவ்வொரு நாளும் கழுவிவிடுகிற வேலை அது. இதோடு நம் ஊர்க் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்மேல் உறைபனி விழும். அந்தக் குளிர்காற்று பெரியவர்களின் உதட்டையே வெடிக்க வைக்கிறது. குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, ஈரத்தை வேகமாக இழப்பது.

ஒரு விடயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். மலையில் ஊறி வரும் பீலித் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். வறண்ட வலயத்துக் கிணற்று நீரைப் போல அதில் சுண்ணாம்பு உப்புக்கள் கனப்பதில்லை. அதனால் துளி சவர்க்காரத்துக்கே நுரை பொங்கும். கீழ்நாட்டில் ஒருவர் பாவிக்கும் அளவில் பாதிகூட இங்கே வேண்டியதில்லை.

முதல் மாதத்துக்கு என் பதில் ஒன்றே ஒன்றுதான்: வெறும் தண்ணீர். பிறந்து 24 மணி நேரமாவது கழிந்த பிறகே முதல் குளிப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் வெண்ணெய் போன்ற வெள்ளைப் பூச்சை அழுத்தித் துடைத்தெடுக்கவும் தேவையில்லை. அது தோலைக் காக்கத்தான் இருக்கிறது, தானாக ஊறிவிடும். அதற்குப் பிறகும் வாரத்துக்கு இரண்டு, மூன்று குளிப்பு போதும். மற்ற நாட்களில் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றை நனைத்த பருத்தித் துணியால் துடைத்தால் சரி. தண்ணீர் 37 பாகை செல்சியஸிலிருந்து 38 வரை, ஐந்து முதல் பத்து நிமிடம். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த பிள்ளையானால் நேரம் இன்னும் குறைவாக. அந்தப் பிள்ளைகள் சட்டென்று குளிர்ந்துவிடுவார்கள்.

சூடு விடயத்தில் நம் வீடுகளில் நடக்கும் தவறைப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் கொதித்த தண்ணீரை முதலில் பேசினில் ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் எடுக்கப் பீலிக்கு நடப்பார்கள். இடையில் தவழும் பிள்ளை வந்துவிட்டால்? 60 பாகைத் தண்ணீரே குழந்தையின் தோலைச் சில விநாடிகளில் வெந்துபோகச் செய்யும். முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு கொதிநீர், கலக்கிவிட்டு முழங்கையால் தொட்டுப் பார்ப்பது என்ற வரிசை மாறவே கூடாது. தங்கைக்கு இதை மட்டும் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

அடுத்தது பயற்றம் மா. நம் அம்மாயிமார் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, பயற்றம் மாவால் உருவிக் குளிப்பாட்டி வளர்த்தவர்கள்தான் நாம். இதற்கு மரியாதை உண்டு, காரணமும் உண்டு. பயற்றின் மாச்சத்தும் புரதமும் தோலில் மிதமிஞ்சிய எண்ணெயைப் பற்றிக்கொண்டு போகின்றன. காரம் என்ற பேச்சே இல்லை. எரிவதில்லை, நுரைப்பதில்லை, வாசனை வேண்டுமென்று எதையும் சேர்ப்பதும் இல்லை. வீட்டில் செய்யக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனாலும் ஒரு வயதுக்கு முன் வேண்டாம் என்கிறேன். அதைச் சொந்த அனுபவத்தில் கற்றேன்.

அப்போது என் மூத்த மகளுக்கு நான்கு மாதம். கொழுத்த பிள்ளை, கழுத்தில் இரண்டு மடிப்பு. தினமும் மாப் பூசித் தண்ணீர் ஊற்றித் துவாயால் ஒற்றிவிடுவேன். ஒருநாள் கழுத்தை நிமிர்த்திப் பார்த்தபோது மடிப்புக்குள்ளே வெண்மஞ்சளாக ஒரு கோடு. விரலால் தொட்டேன். களியாக இருந்தது. மா, வியர்வை, வழிந்த பால் எல்லாம் சேர்ந்து புளித்த வாடை. அதை எடுத்ததும் அடியில் தோல் செக்கச்செவேலென்று, தொட்டால் பிள்ளை துடிக்கும் அளவுக்கு வெந்திருந்தது. மா கெட்ட பொருள் என்பதால் இப்படி ஆகவில்லை. மடிப்பு உள்ள உடம்புக்கு மா ஏற்றதல்ல, அவ்வளவுதான். நடந்து, ஓடி, கழுத்து நீண்ட பிறகு அதே மா அவளுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது.

செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். முழுப் பயற்றைக் கழுவி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வைத்து, வீட்டு கிரைண்டரில் அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலியுங்கள். மில்லில் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு முன் யாரோ மிளகாய் அரைத்திருப்பார்கள். அந்த மிச்சம் பிள்ளையின் கண்ணில் போய் நிற்கும். மூடுபனிக் காலத்தில் எதை வைத்தாலும் ஈரம் இழுக்கும் ஊர் இது. ஆகவே இரண்டு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் அரைத்து, இறுக்கமான டின்னில் வையுங்கள். பூசண வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். குளிப்பாட்டும்போது ஒரு மேசைக்கரண்டி மாவை மோர்ப் பதத்துக்குக் கரைத்துப் பூசுங்கள். களியாகக் குழைத்து உருட்டித் தேய்ப்பது பிஞ்சுத் தோலை அராவிவிடும். உடம்பில் இருக்கும் பூனைமுடி உதிரத்தான் தேய்க்கிறோம் என்பார்கள். தேய்க்காவிட்டாலும் அது தானாக உதிரும். உலர்ந்த மாவைப் பிள்ளைக்கு அருகில் தட்டித் தூவவும் வேண்டாம். மூச்சோடு உள்ளே போகும்.

கஸ்தூரி மஞ்சள் சேர்க்கலாமா என்று தங்கை கேட்டாள். வேண்டாம். மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை ஏறிய 2020 காலத்தில் கலப்பட மஞ்சள்தூள் சந்தையில் புழங்கியதை நாம் மறக்கவில்லை. பொதியில் வருவது என்னவென்று தெரியாத தூளைப் பிள்ளையின் தோலில் பூச என்ன அவசரம்?

ஆனால் தோலில் சொறி, வெடிப்பு, கசிவு உள்ள பிள்ளைக்குப் பயற்றம் மா, கடலை மா, பால், ஓட்ஸ், பாதாம் எதுவும் தேய்க்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக நிற்கிறேன். உண்ணும் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று தோன்றும். வாயால் உண்ணும்போது உடம்பு அதைச் சோறென்று அறிகிறது. உடைந்த தோல் வழியாக உள்ளே போகும்போது பகையென்று பதிந்துவைத்துக்கொள்ளக்கூடும். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சவர்க்காரத்தைப் பாவித்த 2000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்து, 2011 இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். ரொட்டி தின்று வளர்ந்த பெரியவர்களுக்கே அப்படியானால், தோல் வெடித்த ஆறு மாதப் பிள்ளைக்கு நாம் ஏன் அந்தச் சோதனையை நடத்த வேண்டும்?

சொறி இல்லாமல், வெறும் வறட்சியும் இலேசான அரிப்பும் மட்டும் என்றால் ஓட்ஸ் நல்ல தெரிவு. நுண்ணியதாக அரைத்த ஓட்ஸைத் தோல் காக்கும் பொருளாக அமெரிக்க மருந்து நிருவாகம் 2003 இலேயே ஏற்றுக்கொண்டது. சீனி, பால்மா எதுவும் சேராத ஓட்ஸைத் தூளாக அரைத்து, ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து, குளிக்கும் நீரில் போட்டுப் பிழிந்தால் தண்ணீர் பால் நிறமாகி வழுவழுக்கும். பிள்ளையும் வழுக்கும், பிடியை விடாதீர்கள். அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே கொட்டிவிட வேண்டும்.

இலை அவித்த நீரைப் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது. வேம்பு வறண்ட வலயத்து மரம். நம் குளிரில் செழிப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ பஸ்ஸில் வரும் கொத்தைத்தான் நாம் வாங்குகிறோம். அம்மை இறங்கிய பிறகு தலைக்கு ஊற்றும் வழக்கம் என்ற அளவில், இரண்டு இலை போட்ட இளஞ்சூட்டு நீர் பெரிய பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. அதைத் தினசரிக் குளிப்பாக்க வேண்டிய காரணம் எனக்குத் தென்படவில்லை. தேயிலை மலையின் ஓரத்தில் முளைத்த இலைகளைப் பறித்து அவிப்பதைத்தான் கண்டிப்பாக வேண்டாம் என்பேன். அங்கே களைகொல்லி எப்போது தெளித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. வேப்பெண்ணெயைச் சொட்டுக்கூடப் பிள்ளையின் வாயில் விடக் கூடாது. அப்படிக் கொடுத்ததால் வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த குழந்தைகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் சளிக்கு நல்லதென்று குளிக்கும் நீரில் விடுகிறார்களே, அதுவும் சின்னப் பிள்ளைக்கு ஆபத்துத்தான்.

இனி என் சொந்தத் தொழில். வீட்டுச் சவர்க்காரம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால், அதை ஏன் தங்கைக்கு அனுப்பவில்லை என்பது புரியும். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதையும் சவர்க்காரமாக மாற்றச் சுமார் 183 கிராம் கோஸ்டிக் சோடா என்னும் கடுங்காரம் வேண்டும். தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம் அழுக்கோடு சேர்த்துத் தோலின் எண்ணெயையும் உரித்துப்போடும் குணமுடையது. அதனால் நான் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் மாறாமல் மிஞ்சும்படி 146 கிராம் அளவில்தான் போடுகிறேன். ஒரு கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இதில் இறங்கவே கூடாது. சோடாவைத் தண்ணீரில் போட வேண்டும், சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியச் சட்டி ஆகவே ஆகாது. சோடா அதை அரித்து, தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும். வார்த்த கட்டி நான்கு முதல் ஆறு வாரம் காய வேண்டும், நம் மழைக்காலத்தில் அதற்கு மேலும். இவ்வளவும் சரியாகச் செய்தபிறகும் அது காரத்தன்மை உள்ள சவர்க்காரம்தான். ஆறு மாதம் காய்ந்தாலும் பிள்ளையின் தோல் போய்ச் சேர வேண்டிய 5.5க்கு அது வரப்போவதில்லை.

அதைவிட என்னைப் பயமுறுத்துவது செய்யும் இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் சமையல், படுக்கை, பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக இருக்கும் லயன் வீட்டில் கோஸ்டிக் சோடா வைக்க இடம் ஏது? அது பார்வைக்கு வெள்ளைச் சீனி போலவே இருக்கும். ஒரு பிள்ளை அதை நக்கினாலே வாயும் உணவுக்குழாயும் வெந்து, வாழ்நாள் முழுக்க விழுங்கக் கஷ்டப்படும். அப்படி நடந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். தோலிலோ கண்ணிலோ பட்டால் இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். எனக்குப் பூட்டிய தனிக் கொட்டகை இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகுதான் அதைத் திறப்பேன். தவழும் பிள்ளை உள்ள வீட்டில் யாரும் இதைத் தொடங்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்.

கட்டியாக வாங்கி உருக்கி அச்சில் ஊற்றும் கிளிசரின் அடிப்பொருளில் இந்த ஆபத்து இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யவும் இனிமையாக இருக்கும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முடிவு செய்தது தொழிற்சாலை. நாம் கொடுப்பது வடிவம்தான். பனிமூட்டத்தில் அது வியர்த்துக் கொழகொழக்கும். ஐந்து வயதுக்கு மேல் கை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

சவர்க்காரத்தைத் துருவித் தண்ணீரில் காய்ச்சிப் போத்தலில் அடைப்பது, செவ்வரத்தை இலையையும் கற்றாழையையும் அடித்துத் தலைக்குப் பூசும் கூழாக வைப்பது, தேங்காய்ப் பாலில் லோஷன் என்று பலரும் செய்கிறார்கள். தண்ணீர் சேர்ந்த எந்தப் பொருளும் காப்புப் பொருள் இல்லாமல் சில நாட்களில் கிருமி வளர்க்கும். நான் செய்த செவ்வரத்தைக் கூழ் ஆறாம் நாள் மூடியைத் திறந்தபோது மேலே சாம்பல் நிறப் பஞ்சு படர்ந்திருந்தது. அது கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாமல் வளர்வதுதான் பிள்ளைக்குக் கெடுதி. செவ்வரத்தை வேண்டுமானால் அன்றன்று பறித்துக் கசக்கி, அன்றே தலையில் தேய்த்து அலசிவிடுங்கள். சீயக்காயும் பூவந்திக்கொட்டையும் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். கண்ணை மூடச் சொன்னால் மூடும் வயது வரட்டும்.

கடைப் பொருளைத் தங்கை அடியோடு மறுத்தாள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பேபி என்று எழுதியிருப்பதை நம்பாமல் பின்பக்கத்து எழுத்தைப் படியுங்கள். சோடியம் பால்மேட், சோடியம் கோகோயேட் என்று தொடங்கினால் அது என் கொட்டகையில் வார்ப்பது போன்ற சவர்க்காரம்தான், படம் மட்டும் அழகு. சோடியம் கோகோயில் ஐசெத்தியோனேட் போன்ற பெயர் முதலில் வந்து, வாசனைப் பொருள் சேராமல் இருந்தால், அது காரமில்லாத வகை. விலை கூடுதல்தான். ஆனால் தொடையிடுக்கிலும் கையிலும் மட்டும் பட்டாணியளவு தேய்த்தால் ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும். வீட்டில் செய்ய முடியாத மென்மை இது என்பதைச் சவர்க்காரம் செய்கிற நானே ஒப்புக்கொள்கிறேன்.

தோல் வெடித்து அரிக்கும் பிள்ளைகளுக்குச் சவர்க்காரத்துக்குப் பதில் பாவிக்கச் சொல்லி பாமசியில் கிடைக்கும் எமல்சிபைங் ஒயின்ட்மென்ட்டை டொக்டர்கள் எழுதுவதுண்டு. சுடுநீரில் கரைத்துத் தேய்த்தால் இதமாக இருக்கும். அதில் இருப்பது பரஃபின். அது ஊறிய துணியில் தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றும். விறகடுப்பின் ஓரத்தில் துவாய் காயப்போடும் நம் வீடுகளில் இதைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு இரவில் அரிப்பு என்றால் அது சிரங்காக இருக்கலாம். எந்தக் குளியலும் அதை ஆற்றாது, வீட்டார் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மருந்து வேண்டும்.

கடைசியாக எண்ணெய். எண்ணெய்களில் நான் முதலிடம் கொடுப்பது சுத்தமான தேங்காய் எண்ணெய்க்கு. ஒலிவ எண்ணெய் உயர்ந்தது என்று வெளிநாட்டிலிருந்து வாங்கி அனுப்புகிறார்கள். அதிலுள்ள ஒலெயிக் அமிலம் தோலின் காப்பைத் தளர்த்துகிறது என்று 2013 இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. கடுகெண்ணெயும் வேண்டாம். நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கல்லாக உறைந்து நிற்கும். 24 பாகைக்குக் கீழே அதன் இயல்பு அப்படி. கெட்டுப்போனதாக நினைக்க வேண்டியதில்லை. போத்தலை அடுப்பில் காட்டாமல், குளிக்க வைத்த சுடுதண்ணீரில் ஒரு சின்னக் கிண்ணத்தை மிதக்கவிட்டு, அதில் ஒரு கரண்டி உறைந்த எண்ணெயைப் போடுங்கள். பிள்ளையின் உடுப்பைக் கழற்றி முடிப்பதற்குள் கண்ணாடி போல இளகிவிடும். குளித்து, ஒற்றித் துடைத்து, தோலில் ஈரம் காய்வதற்குள் அதைப் பூசினால் மலைக்காற்று அந்த ஈரத்தைப் பறிக்காது. தலைமுடி காயச் சாம்பிராணிப் புகை காட்டாதீர்கள்; துவாய் போதும், பிள்ளையின் நெஞ்சு பிழைக்கும்.

தங்கைக்கு அனுப்ப ஒரு பெட்டி கட்டியிருக்கிறேன். பழைய வேட்டியைக் கொதிநீரில் அவித்துக் காயவைத்துக் கிழித்த பன்னிரண்டு துணி, இரண்டு மெல்லிய துவாய், ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய், வாசனை சேராத காரமில்லாக் கட்டி ஒன்று. கட்டியை முதல் மாதம் முடியும்வரை பிரிக்க வேண்டாமென்று மேலே எழுதி ஒட்டினேன். பெட்டியைப் பற்றிச் சொன்னபோது, "இதில் நீங்கள் செய்தது எது அக்கா?" என்று கேட்டாள். பயறு ஒரு கிலோ தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளை நடக்கத் தொடங்கும் வருடத்தில், மழை விட்டு வெயில் ஏறியதும் கழுவிக் காயப்போட்டு நானே அரைத்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.